மாடத்தியின் மூக்கு

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் திருத்துவது சினேகாவின் வேலை. விலங்கியல் படித்துவிட்டு அங்கே சேர்ந்து இரண்டு வருடம். ஆடி முடிந்த கையோடு ஒரு பட்டாசுக் கம்பெனியின் காலண்டர் ஆர்டர் வந்தது. அட்டைக்கு, சரவெடி பின்னும் தொழிலாளி ஒருத்தி சிரிக்கிற படம். திரையில் அது விரிந்ததும் சினேகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் இருந்தது அவள் அம்மா மாடத்தி.

முதலாளி மகன் ஹரிஷ்குமார் பின்னால் வந்து நின்றான்.

"மூக்கு எம்புட்டு அகலம்! கூராக்கு. உதட்டக் கொற. கலரத் தூக்கி விடு."

"எதுக்கு சார்?"

"செவத்துல மாட்டுற மூஞ்சியா இது?"

சினேகாவுக்குக் காது மடல் கொதித்தது. "இது எங்கம்மா சார்."

"அதுக்கென்ன இப்ப? பார்ட்டி கேக்குறாக. செஞ்சு குடு."

"இந்த மூக்கு கடையில வாங்குனது இல்ல சார். பல்லாயிரம் வருசமா இந்த வெக்கையிலயும் புழுக்கத்துலயும் மூச்சு விட்டவங்க ஜீன்ல வந்தது. ஒங்களுக்கும் அதேதான் வந்திருக்கு. கண்ணாடியப் பாருங்க."

ஹரிஷ்குமாரின் கை மூக்கு வரை போய்ச் சட்டென்று இறங்கியது. முகம் கறுத்துவிட்டது.

"யாரோட யாரச் சேக்குற? ஒங்க ஆளுகளும் நாங்களும் ஒண்ணா? வெளிய போ! விக்னேஷ்குமார், இத நீ முடி."

பக்கத்து மேசை விக்னேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டு மவுஸைப் பிடித்தான். சினேகா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். தன் ஊரான எம். புதுப்பட்டி வருகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்ததில் தாடை வலித்தது.

வேலை போனதற்கு அம்மா ஏசுவாள் என்றுதான் நினைத்தாள். மாடத்தி முழுவதையும் கேட்டாள்.

"ஏட்டி, வெடிமருந்துத் தூசிய இழுக்க மட்டும் இந்த மூக்கு ஆகுமாக்கும்?"

மறுநாள் வேலைக்கு வேனை விட்டு இறங்கியதும் மாடத்தி நேரே பட்டாசுக் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். "போடுறதுன்னா என் மொகத்த அப்படியே போடுங்க. இல்லேன்னா படமே வேண்டாம்." மானேஜர் சிரித்து மழுப்பினார். அவள் நகரவில்லை. கூடப் பின்னுகிற பெண்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். தீபாவளி சீசன் நேரம். மத்தியானத்துக்குள் படத்தை நீக்கச் சொல்லி அச்சகத்துக்குப் போன் போனது.

புது வருடக் காலண்டரில் ரோஜாப்பூ வந்தது. மாடத்தி ஜெயித்துவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வேறு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த சினேகாவுக்கு மட்டும் ஆறவில்லை. அம்மாவின் முகத்தை உள்ளபடி அச்சிடுவதைவிடப் பூவை அச்சிடுவது கம்பெனிக்காரர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.