துண்டுக்கடியில் பேசிய தவணை

1

இந்தக் கதை பேராசையில் பிறந்தது. விலைவாசியும் வட்டியும் ஏறும்போது பணத்தைக் காப்பது எப்படி என்று ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. கூலி கைக்கு வருவதற்குள் இளைத்துவிடும் என்று முன்பணமாகவே வாங்கிக்கொண்டேன். கட்டுரை கதையாகிவிட்டது. முன்பணம் திருப்பித் தரப்படாது.

2

'வட்டி ஏறிக்கொண்டிருந்த ஓர் இருண்ட மாலையில்...'

(வேண்டாம். பட்டப்பகலில் நடந்தது.)

நண்பகல். பருப்பு மண்டியை விற்றுவிட்ட என் சித்தப்பா கூடத்தில் இருக்கிறார். உள்ளறையில் படுத்த படுக்கையாகச் சித்தி. அவள் இருக்கும்வரை மருந்துக்கும் தாதிக்கும் மண்டி விற்ற பணம்தான் கதி. எதிரே, வைப்புத்தொகை பிடிக்கும் தரகர்.

"அஞ்சு வருஷத்துக்குப் போட்டுடுங்கண்ணே. இந்த வட்டி இனிமே கெடைக்காது."

"போன மாசமும் இதையேதான் சொன்னே. அப்புறம் ரெண்டு தடவை ஏறிடுச்சு. நீ சொன்னாத்தான் ஏறுது போல, தினம் வந்து சொல்லு."

வட்டி ஏறும் காலத்தில் பணத்தை நெடுநாள் பூட்டக் கூடாது என்பது சித்தப்பாவின் கட்சி. குறுகிய தவணைகளாகப் பிரித்துப் போட்டால், முடிய முடியப் புது வட்டிக்கு மாற்றலாம். கொஞ்சம் தங்கம். உப்பும் சோப்பும் விற்கிற, கடனில்லாத கம்பெனியின் பங்கு கொஞ்சம்.

(கட்டுரை இவ்வளவுதான். அவசரக்காரர்கள் எழுந்து போகலாம்.)

3

எங்கள் மண்டித் தெரு ஆட்கள் பேரத்தை வாயால் முடிப்பதில்லை. கைமேல் துண்டைப் போர்த்தி, அடியில் எதிராளியின் விரல்களைப் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை. பார்ப்பவனுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும்.

சித்தப்பா துண்டைப் போர்த்திக் கையை நீட்டினார். அடியில் ஒரு கை அவருடைய இரண்டு விரலைப் பிடித்தது. இரண்டு வருஷம். அஞ்சிலிருந்து இவ்வளவு சுலபமாக இறங்குகிறானா? பழக்கதோஷம், பதிலுக்கு ஒரே விரலைப் பிடித்தார். அந்தக் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு அழுத்தியது. சம்மதம்.

"முடிஞ்சுது, எழுது."

"எதை எழுத? நான் இன்னும் கையே குடுக்கலியேண்ணே."

தரகரின் ஒரு கையில் டம்ளர். மறு கையில் விண்ணப்பத் தாள்.

(இந்த இடத்தில் மூன்றாவது கையை நான் எழுதவில்லை. தாளில் கண்டதும் அடித்தேன். மறுநாள் எடுத்துப் படித்தபோது மறுபடி இருந்தது.)

சித்தப்பா உள்ளே போனார். சித்தி விழித்திருந்தாள். கை போர்வைக்குள்.

"ரெண்டுன்னுதானே சொன்னேன்," என்றாள். "அதையும் கொறைச்சுட்டீங்களா?"

4

முடிவு ஒன்று: காய்ச்சல் பிதற்றல், கூடத்துப் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கும். (விரல் பேச்சு எந்தக் காதில் விழும்?)

முடிவு இரண்டு: சித்தப்பா துண்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்து, மறுபடி பேரம் பேசி,

இல்லை. கை அழுத்தி முடிந்த பேரத்தை எங்கள் தெருவில் யாரும் திருப்பிப் பேசியதில்லை.

இப்போது அவர் கையில் பேனா. தாளில் 'தவணைக்காலம்' என்ற கட்டம் காலி. ஒன்று என்று எழுதினால் அவளுக்கு ஒரு வருஷம்தான் என்று ஒத்துக்கொண்டதாகிறது. அஞ்சு என்று எழுதினால், அஞ்சு வருஷம் கழித்து வரும் பணத்தைச் செலவழிக்க அவள் இருக்க வேண்டும்.

நீங்களே எழுதிவிடுங்கள். நானும் அந்தத் தெருவில் வளர்ந்தவன். பேனாவைத் தொட்டாலே என் கை ஒன்றைக் குறைத்துவிடும்.