மரிக்ருஸ் மூடி வெச்ச தட்டு

மெக்சிகோவுல, குவாதலஹாராவுல எங்க அபார்ட்மென்ட்டுக்குக் கீழயே மரிக்ருஸோட சாப்பாட்டுக் கடை. அங்க ரெண்டு அடுப்பு மேடை. அதுல ஒண்ணு எனக்கு வர்றதா இருந்துச்சு. அவ்ளோதாங்க கதை. வந்துச்சான்னு கேட்டா, வரல. மொதல்லயே சொல்லிடறேன். வரும் வரும்னு உங்கள உக்கார வெச்சு ஏமாத்த எனக்கு மனசில்ல, என்னை அப்படித்தான் உக்கார வெச்சாங்க.

நான் சங்கவி. ஊரு திருச்செங்கோடு. குருவைக் கட்டிக்கிட்டு கொஞ்ச நாள் சேலத்துல மாமியார் வீட்ல இருந்தேன். அந்த கிச்சன்ல நான் வெங்காயம் உரிச்சேன், தேங்கா துருவினேன், பாத்திரம் எடுத்து வெச்சேன். தாளிக்க மட்டும் விடமாட்டாங்க. கரண்டியத் தொட்டாலே "நீ போய் ரெஸ்ட் எடு கண்ணு"ன்னுவாங்க. திட்டுனாக்கூட பதிலுக்குத் திட்டலாம். ரெஸ்ட் எடுன்னா என்னத்தச் சொல்றது? அப்புறம் குருவுக்கு இந்த ஊர் ப்ராஜெக்ட் கிடைச்சு இங்க வந்தோம். கடுகு டப்பா எங்க இருக்கணும்னு வாழ்க்கைல மொத தடவ நான் முடிவு பண்ணேன். சிரிக்காதீங்க. பெரிய விஷயம் அது.

ஆனா என் விசா பேப்பர்ல நான் வேலைக்குப் போகக்கூடாது. குரு காலைல போனா இருட்டுனப்புறம்தான் வருவான். நான் என்ன பண்றது, சுவத்தையா பாக்குறது? ஒயர் கூடை பின்ன ஆரம்பிச்சேன். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண்ணு, ரெண்டும் ஸ்கூல்லயே கத்துக்கிட்டது. இங்க நம்ம ஒயர் கிடைக்காது. தேடித்தேடி, நாற்காலி ரிப்பேர் பண்ற கடைல ஒரு கயிறு பாத்தேன். இந்த ஊர்ல வராண்டாவுல போடற வட்ட நாற்காலி இருக்கும்ல, அதுக்குச் சுத்துற பிளாஸ்டிக் கயிறு. உருண்டையா, வெறப்பா இருக்கும். சுடுதண்ணில ஊறப்போட்டுப் பின்னினா அடங்கும். வெரல் கிழியும், அது வேற விஷயம்.

அந்தக் கூடைய மாட்டிக்கிட்டு மார்க்கெட் போறப்பதான் மரிக்ருஸ் மறிச்சா. கடை வாசல்ல நின்னு தக்காளி கழுவிட்டு இருந்தா. என்னை விட நாலஞ்சு வயசு பெரியவளா இருப்பா, கொண்டையில எப்பவும் ஒரு பேனா.

"வெசினா! அந்தப் பை எங்க வாங்குன?" வெசினான்னா பக்கத்து வீட்டுக்காரி. அன்னைலேருந்து எனக்கு அதான் பேரு.

"வாங்கல. பின்னினேன்."

கிட்ட வந்து முடிச்சத் தடவிப் பாத்தா. அப்புறம் சிரிச்சா பாருங்க, தக்காளியெல்லாம் உருண்டு ரோட்டுக்குப் போகுது. "இது நாற்காலிக் கயிறுடி! நீ எங்க தாத்தாவோட நாற்காலியத் தோள்ல மாட்டிட்டு சுத்துற!"

அப்படியே பேச்சு நீண்டுச்சு. அவ சாப்பிடுன்னா, நான் குழம்பு அடுப்புல இருக்குன்னேன். கெளம்பறப்ப என் அரைகுறை ஸ்பானிஷ்ல நம்ம ஊர் வழக்கத்த அப்படியே மாத்திச் சொன்னேன். போயிட்டு வர்றேன். வோய் இ வெங்கோ. எங்கம்மா பால் வாங்க வாசல் கேட் வரைக்கும் போனாக்கூட போறேன்னு சொல்ல விடமாட்டாங்க, அந்த வாய்தானே எனக்கும்.

மறுநாள் காலைல கதவத் தட்டுறா. "உசுரோடதான் இருக்கியா?"

"ஏன், என்னாச்சு?"

"போயிட்டு இப்ப வந்துடறேன்னு சொன்னல்ல? தட்டுல சாப்பாடு போட்டு மூடி வெச்சுட்டு ராத்திரி வெகு நேரம் ஷட்டர் எறக்காம உக்காந்திருந்தேன். என் நாத்தனார் என்னைப் பாத்து சிரிக்கிறா."

இந்த ஊர்ல வோய் இ வெங்கோன்னு சொன்னா நெசமாவே உடனே திரும்பி வரணுமாம். முக்குக் கடைக்குப் போய் முட்டை வாங்கிட்டு வர்ற தூரம், அவ்ளோதான் அதுக்கு மரியாதை. நான் நம்ம வழக்கத்த வெளக்கினேன். திரும்பி வர்றமோ இல்லையோ, வர்றேன்னுதான் சொல்லணும்னு.

"அப்ப உங்க ஊரே பொய் சொல்ற ஊரா?"

"பொய் இல்லடி, மங்கலம்."

"அதுக்கு எங்கூர்ல பொய்னுதான் பேரு." அதுக்கப்புறமும் நான் தெனம் அதையேதான் சொல்லுவேன், அவளும் தெனம் ஒரு தட்ட மூடி வெப்பா, எங்களுக்குள்ள ஒரு வெளையாட்டு. அப்பப்ப நெசமாவே திரும்பிப் போய் சாப்பிட்டுட்டும் வருவேன்.

இதுக்கு நடுவுல எங்க பில்டிங்ல இருந்த நம்மாளுங்க ஒவ்வொருத்தரா காலி பண்ண ஆரம்பிச்சாங்க. குருவோட ஆபீஸ்ல வேலை கொறைஞ்சுட்டே வந்துச்சு. போறவங்க எல்லாம் தூக்கிட்டுப் போக முடியாதத என்கிட்ட குடுத்துட்டுப் போவாங்க. மூணாவது மாடி ஸ்ரவந்தி அக்கா பாசிப்பருப்பு, மிக்ஸி, இட்லிப் பானை குடுத்தாங்க. இன்னொருத்தர் ரெண்டு குக்கர். அஞ்சரைப்பெட்டி மட்டும் நாலு சேந்துச்சு. ஸ்ரவந்தி அக்கா லிஃப்ட்ல நின்னுட்டு, "நீ போறப்ப யாருக்கிட்ட குடுப்ப சங்கவி?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சு மழுப்பிட்டேன். கதவு மூடிக்கிச்சு.

ஈஸ்டருக்கு முன்னாடி இங்க நோன்பு. வெள்ளிக்கிழமைன்னா கறி தொடமாட்டாங்க. மரிக்ருஸ் ஒவ்வொரு வெள்ளியும் மீனும் காஞ்ச இறால் வடையும் போட்டுப் போட்டு அவளுக்கே வெறுத்துப் போச்சு.

"எங்க வீட்லயும் வெள்ளிக்கிழமை கவிச்சி கெடையாது"ன்னேன்.

"நீயும் கிறிஸ்டியனா?"

"இல்ல. வெள்ளிக்கிழமைடி. அதுக்கு மேல காரணம் எதுக்கு?"

கையில இருந்த கரண்டிய என்கிட்ட நீட்டினா. நெசமா நீட்டினா. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன், ஏன்னு அவளுக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை சௌசௌ கூட்டு, புளியோதரை, நேந்திரங்கா மாதிரி பெருசா ஒண்ணு இங்க கிடைக்கும்ல, அதுல வறுவல், ரசம். சௌசௌ இவங்க ஊர்க் காய்தான், புளியும் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கருவேப்பிலை மட்டும் கெடையாது, கொத்தமல்லிய வெச்சு ஒப்பேத்திட்டேன். எதிர்ல பஞ்சர் கடை வெச்சிருக்கற தோன் பேத்தோதான் மொத ஆளு. பெரிய மீசை, அதுக்கும் பெரிய வாயி.

"இதுல கறி எங்க?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைய்யா, பாவி"ன்னா மரிக்ருஸ்.

ரசத்த ஒரு வாய் குடிச்சுட்டு இருமுறாரு இருமுறாரு, கண்ணுல தண்ணி. "இந்த சூப் என்னைத் திட்டுது!"

"நீங்க என்ன தப்பு பண்ணீங்களோ"ன்னேன்.

"அது இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" இன்னொரு டம்ளர் ஊத்தச் சொன்னாரு. புளியோதரைய சோள ரொட்டில சுத்தி சாப்புட்டாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் ஏறிருச்சு. திட்டுற சூப் வேணும்னு கேட்டு வர்றாங்க. அன்னைக்குக் கடைய கழுவி விடறப்ப மரிக்ருஸ் சொன்னா, "நாத்தனார் ஈஸ்டரோட திஹுவானா ஊருக்கே போறா. அவ சமைக்கற மேடை காலியாகுது. நீ எடுத்துக்கோ. வெள்ளிக்கிழமை மட்டும் இல்ல, தெனமும். பாதிக் கடை உன்னுது. பேப்பர் மட்டும் சரி பண்ணிடு."

பேப்பர் சரியாகணும்னா குரு இங்க இருக்கணும். குரு இங்க இருக்கணும்னா அவனுக்கு வேற ப்ராஜெக்ட் கிடைக்கணும், அதுவும் ஈஸ்டருக்குள்ள. இல்லன்னா சேலம். ரெஸ்ட் எடு கண்ணு.

அன்னைக்கு குரு வந்ததும் சொன்னேன். ஷூவக் கூட கழட்டாம சோபால உக்காந்துட்டு கேட்டான்.

"சங்கு, எங்க ப்ளோர்ல பாதி லைட்ட அணைச்சுட்டாங்கடி. ஆளே இல்லாத பக்கத்துக்கு எதுக்கு கரன்ட்டுன்னு."

"மேனேஜர் என்ன சொல்றாரு?"

"பாக்கலாங்குறாரு."

"பாக்கலாம்னா?"

"சங்கவி, உனக்கும் தமிழ் தெரியும், எனக்கும் தெரியும்."

தெரியும்ங்க. தெரிஞ்சும் நான் பெரிய கூடை ஒண்ணு ஆரம்பிச்சேன். பச்சையும் வெள்ளையும், சிவன் கண்ணு முடிச்சு. அந்த ரெண்டாவது மேடைக்கு மேல ஒரு கொக்கி இருக்கு, அதுல மாட்டி என் வெங்காயத்தப் போடணும். என் வெங்காயம், நானே உரிப்பேன், நானே வதக்குவேன், நானே எறக்குவேன். குரு லேப்டாப்ல அப்ளிகேஷன் போடுவான், நான் பக்கத்துல பின்னுவேன். பதில் வர்ற மாதிரி செல்லு டிங்குங்கும். ரெண்டு பேரும் பாய்ஞ்சு பாப்போம். பீட்சா ஆஃபரா இருக்கும். ஒரு தடவ நெசமாவே ஒரு கம்பெனில கூப்பிட்டுப் பேசினாங்க. குரு சட்டை மாத்தி, தலை சீவி, கேமரா முன்னாடி உக்காந்தான். பேசி முடிச்சு வெளிய வந்தவன் மூஞ்சியப் பாத்தே நான் ஒண்ணும் கேக்கல. அவனா சொன்னான், "ரொம்ப மரியாதையா பேசுனாங்க."

கூடை முடிஞ்சுது. அதான் கொடுமை. நான் மெதுவாத்தான் பின்னினேன், அப்படியும் கைப்பிடி வரைக்கும் வந்து முடிஞ்சே போச்சு. கீழ கொண்டு போய் மரிக்ருஸ் கையாலயே கொக்கில மாட்ட வெச்சேன். "உன் கூடை வந்துருச்சு, நீ எப்ப வருவ?"ன்னா. வெங்காயம் போடலாம்னு எடுத்தேன். இருக்கட்டும், ஈஸ்டர் முடியட்டும்னு வெச்சுட்டேன்.

அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை. கடை நெறைஞ்சு வழியுது. நான் ரசம் ஊத்திட்டு இருக்கேன், வாசல்ல குரு நிக்குறான். மத்தியானத்துல அவன் வந்ததே கெடையாது. மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு, நம்ம கூட்டத்தப் பாக்கட்டும்னு. அப்புறம்தான் பாத்தேன், அவன் கழுத்துல ஆபீஸ் டேக் இல்ல. தூங்கறப்பக் கூட கழட்ட மறந்துட்டுப் படுக்கறவன் அவன்.

"டேக் எங்கடா?"

"குடுத்துட்டேன்."

பின்னாடி தோன் பேத்தோ டம்ளரத் தட்டுறாரு. "சூப்பு, வெசினா, சூப்பு!" ஊத்துனேன். டம்ளர் நெறைஞ்சு வழிஞ்சு அவரு கைல கொட்டிச்சு. அவரு கத்தல. என் மூஞ்சியப் பாத்துட்டு, கைய பேன்ட்ல தொடச்சுக்கிட்டாரு. வாய் மூடாத மனுஷன் வாய மூடிட்டாருன்னா பாத்துக்கோங்க.

குரு ஓரமா ஸ்டூல்ல உக்காந்தான். மரிக்ருஸ் அவனுக்கு ஒரு தட்டு வெச்சா. அவன் சாப்பிட்டான். "நல்லாருக்கு சங்கு"ன்னான். கருவேப்பிலை இல்லாததக் கூட சொல்லல.

அப்புறம் என்ன, டிக்கெட்டு. ஈஸ்டர் வரைக்கும் கூட விடல. சாமானெல்லாம் என்ன பண்றதுன்னு உக்காந்து யோசிக்கறேன். ஸ்ரவந்தி அக்கா கேட்டது அப்பதான் மண்டைல அடிச்சுது. எல்லாரும் என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க, எனக்குக் குடுக்க யாரும் இல்ல. அஞ்சரைப்பெட்டி நாலையும் கழுவிக் கவுத்து வெச்சுட்டு வந்தேன், வீட்டு ஓனர் தூக்கி எறிஞ்சிருப்பாரு. இட்லிப் பானைய மட்டும் மரிக்ருஸ்கிட்ட கொண்டு போனேன். அவ மூடியத் தொறந்து குழியெல்லாம் பாத்தா. "இதென்ன, குட்டிப் பாப்பாவுக்கு தமாலே அவிக்கிறதா?" தமாலேன்னா இவங்க ஊர்ச் சோளக் கொழுக்கட்டை. ஜோக்குதான். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரல.

"மேடைக்கு ஆள் பேசிட்டேன்"ன்னா தலையக் குனிஞ்சுக்கிட்டே. "என்னால ஒத்தையா முடியாது, வெசினா."

"தெரியும்."

"நீ கோச்சுக்கிட்டாலாவது நல்லாருக்கும்."

கோவம் வரலையே, என்ன பண்றது. மேடைக்குப் பேசுன பொண்ணு அன்னைக்கே வந்து நின்னுட்டு இருந்தா. நல்ல பொண்ணுதான், என்னைப் பாத்து சிரிச்சா. தன் ஹேண்ட்பேக்க எங்க வெக்கறதுன்னு சுத்திமுத்திப் பாத்துட்டு, கொக்கில தொங்குன பச்சைக் கூடைல போட்டா.

கெளம்புற அன்னைக்குக் காலைல அம்மா போன்ல, "அம்மிணி, பாஸ்போர்ட் கையிலயே இருக்கட்டும். ஆருகிட்டயும் போறேன்னு சொல்லீறாத. போயிட்டு வர்றேன்னு சொல்லு. நல்லபடியா வந்து சேரு."

"சரிம்மா."

டாக்சி கடை வாசல்லயே நின்னுச்சு. குரு பெட்டிய ஏத்திட்டு இருந்தான். நான் உள்ள போனேன். மரிக்ருஸ் மேடைகிட்ட நின்னு கைய ஏப்ரன்ல தொடச்சுக்கிட்டே இருந்தா, ஈரம் போய் ரொம்ப நேரமாச்சு, இன்னும் தொடைக்கறா. கட்டிப் புடிச்சுக்கிட்டோம். அவ கொண்டைப் பேனா என் கன்னத்துல குத்துச்சு. சொல்லிட்டு ஓடிரலாம்னு வாயத் தொறந்தேன், வோய்னு ஆரம்பிச்சுட்டேன் கூட. அப்பதான் பாத்தேன்.

மேசை மேல ஒரு தட்டு. மேல இன்னொரு தட்டக் கவுத்து மூடியிருந்துச்சு. பக்கத்துல ஒரு ஸ்பூன். ஓரத்துல ஆவி வந்துட்டு இருந்துச்சு.

வெளையாட்டுக்கு வெச்சாளா, பழக்கத்துல வெச்சாளா, எனக்குத் தெரியல. ஆனா நான் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டா அந்தத் தட்டு அங்கயேதான் இருக்கும். ராத்திரி ஷட்டர் எறக்கறப்ப அவ அதைப் பாப்பா. அது மங்கலம் இல்லங்க.

"மே வோய்"ன்னேன்.

போறேன். வெறும் போறேன். எங்க வம்சத்துல யாரும் வாசல்ல நின்னு சொல்லாத வார்த்தை. என் காதுக்கே அது என் குரல் மாதிரி இல்ல.

மரிக்ருஸ் தலையாட்டினா. மேசைகிட்ட போனா, மேல கவுத்திருந்த தட்ட எடுத்தா.

"தோன் பேத்தோ"ன்னு ரோட்டப் பாத்துக் கூப்பிட்டா. "வாங்க. ஆறிடப் போகுது."