குளிர்ந்த தரையில் செபமாலை

கிரான்பர்னில் வாழும் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மே மாதம் மாதாவின் வணக்க மாதம்; இங்கே குளிர் தொடங்கும் மாதமும் அதுதான். ஒவ்வொரு மாலையும் மாதாவின் சுரூபம் அடுத்த வீட்டுக்குப் போகும். செபமாலை முடிந்ததும் தேநீர். இவ்வாண்டு அத்தேநீர் வேளையை, செபத்தை முன்னின்று நடத்தும் ஞானேந்திரன் ஒரு நற்காரியத்துக்குப் பயன்படுத்தினார். புகையால் பூமியைக் கெடுக்கும் எரிவாயு ஹீற்றரைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தரும் ஹீற் பம்பைப் பூட்டுங்கள் என்றார். அரச உதவி பெறுவது எப்படி, பூட்டித் தருபவர் யார் என்பவற்றையும் பொறுமையாக விளக்கினார். எங்கள் வீடு உட்படப் பல வீடுகள் மாறின. அதை நான் மறுக்கவில்லை.

எனக்குச் சினமூட்டியது வேறு. றமேஸும் அவர் மனைவி டொறத்தியும் குடியிருந்த வாடகைவீடு ஞானேந்திரனுடையது. அங்கிருந்த பழைய எரிவாயு ஹீற்றரைச் சோதித்தவர், நச்சுவாயு கசியக்கூடுமென்று சென்ற குளிர்காலத்திலேயே அதை நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் பார்ப்போம் என்றாராம் வீட்டுக்காரர். அன்றுமுதல் ஒரு சிறிய மின் ஹீற்றரைக் கைக்குழந்தையின் அறைக்கும் கூடத்துக்குமாகத் தூக்கித் திரிந்தார்கள். சட்டம் அவர்கள் பக்கந்தான். ஆயினும் படகில் வந்து இன்னமும் தற்காலிக விசாவில் இருக்கும் றமேஸுக்கு, முறையிட்டால் வீடு போய்விடுமென்ற அச்சம். நான் பேசட்டுமா என்றேன். வேண்டாமென்று கெஞ்சினார். ஊரார் வீட்டுப் புகைக்காகக் கவலைப்பட்டவருக்குத் தம் வீட்டின் குளிர் எப்படித் தெரியாமற்போனது?

முறைப்படி சுரூபம் அந்த வீட்டுக்கு வந்தது. வாசலில் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஞானேந்திரன் முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலையைத் தொடங்கினார். ஓடு பதித்த வெறுந்தரை. செபமாலையின் பாதிக்கு, மூன்றாம் மறைபொருளுக்கு, வருமுன்பே குளிரில் அவர் குரல் நடுங்கியது. இரண்டு போர்வைகளுக்குள் குழந்தை இருமியது.

தேநீர் வந்தபோது ஒருவரும் மேலங்கியைக் கழற்றவில்லை. ஞானேந்திரன் வழக்கமான ஹீற் பம்ப் பேச்சை எடுக்கவில்லை. அண்மையில்தான் எங்கள் பங்குக்கு வந்த றொஷானி சிரித்துக்கொண்டு கேட்டாள்:

“என்ன அங்கிள், இண்டைக்குப் பிரசங்கம் இல்லையோ? இந்த வீட்டுக்காரனுக்கெல்லோ முதல்ல நீங்கள் சொல்லவேணும்.”

றமேஸ் தலைகுனிந்தார். ஞானேந்திரன் கோப்பையை வைத்துவிட்டு, மறுநாள் செபம் வரிசையில் அடுத்தவரான அலன் வீட்டில் என்று அறிவித்தார்.

“இல்லை அங்கிள்,” என்றாள் டொறத்தி. “நாளைக்கும் இஞ்சதான் வாங்கோ. வீடு சூடாகுமட்டும் மாதா இஞ்சயே இருக்கட்டும்.”

றமேஸ் அவள் கையைப் பிடித்தார். அவள் சுரூபத்தின் பக்கத்திலிருந்து அசையவில்லை.

ஞானேந்திரன் குனிந்து குளிர்ந்த தரையில் கைவைத்துப் பார்த்தார். பின்னர் றொஷானியின் பக்கம் திரும்பினார். “அந்த வீட்டுக்காரன் நான்தான், பிள்ளை.” அடுத்து றமேஸிடம் சொன்னார்: “நாளைக்கே ஹீற் பம்ப் பூட்ட ஆளைக் கூப்பிடுறன். வாடகையும் கூட்டமாட்டன், உங்களை வீட்டைவிட்டு எழும்பச் சொல்லவும் மாட்டன்.”

எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். ஆயினும் டொறத்தி சுரூபத்தைக் கொடுக்கவில்லை. ஆள் வரும்வரை மாலைதோறும் அங்கேயே முழந்தாளிட்டோம். டொறத்தி நீட்டிய தலையணையை ஞானேந்திரன் வாங்கவில்லை. என் சினமும் முற்றாகத் தணியவில்லை. வாடகை வீடுகள் கிரான்பர்னில் எத்தனையோ, அத்தனைக்கும் சுரூபம் போகப்போவதில்லை.

இயந்திரம் பூட்டிய மாலையில் மேலங்கிகள் கதிரைகளின்மேல் கிடந்தன. தேநீரோடு எழுந்து நின்று ஹீற் பம்பைப் பற்றிப் பேசியவள் டொறத்தி.

“வாடகைக்கு இருக்கிற ஆக்கள் முன்னுக்கு வந்து இருங்கோ,” என்று தொடங்கினாள்.