உதயா கேட்ட படம்

என் மனைவி தேவசேனாவின் வருஷத் திதிக்கு நகரி போயிருந்தேன். சாப்பிட்டு இலை எடுத்ததும் என் மாமனார் நாகபூஷணம் பேச்சை ஆரம்பித்தார்.

“சின்னவ உதயாவ உனக்கே கட்டிடலாம்னு இருக்கோம் மாப்ள. சாயந்தரம் ஒரு வார்த்த சொல்லிடு.”

அக்கா போனால் தங்கை. இங்கே யாரும் அதை விசித்திரமாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. உதயாவுக்கு அவள் அக்காவின் குரல். திருப்பதியில் பூட்டிக் கிடக்கும் என் வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தால் போதும் என்றிருந்தது.

காபி கொண்டுவந்தாள். டிகிரி முடித்ததிலிருந்து வீட்டோடு இருப்பவள். கோயிலுக்குக்கூட அம்மாவோடுதான் போவாள்.

“மாமா, அக்கா ஒரு போலந்துப் படத்தப் பத்தி சொல்லிக்கினே இருக்கும். வெச்சிருக்கீங்களா?”

போனில் இருந்தது. போட்டுக் கொடுத்தேன். தேவசேனாவும் இப்படி வளர்ந்தவள்தான். விளக்கை அணைத்தால்தான் பக்கத்தில் வருவாள். அந்தப் படம் பார்த்த மறுநாள், பட்டப்பகலில், என் சட்டைப் பொத்தானில் கை வைத்தாள்.

“சத்தம் வெளிய கேக்கும்” என்றேன்.

“பக்கத்து வூட்டுத் தறி ஓடிக்கினு இருக்குது. போலந்துக்காரன் கத்தினாலும் யாருக்குக் கேக்கும்?”

படத்தில், அத்தையின் காவலில் வளரும் ஒரு பெண். கோடையில் செர்ரி பறிக்கப் போகிறாள். சாறு மணிக்கட்டில் வழிகிறது. நக்குகிறாள். பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், புதிதாக முளைத்ததைப் போல. ஏரியில் இறங்குகிறாள். ஆண் அதற்கப்புறம்தான் வருகிறான். அவனை அவள்தான் தேர்ந்தெடுக்கிறாள்.

உதயா இமைக்கவில்லை. முடிந்ததும் அழுதாள்.

“எனக்கு இது வேணும் மாமா.”

ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்த என் உடம்பில் ஏதோ அசைந்தது.

“உங்ககிட்ட இல்ல” என்றாள். “என்னப் பாக்கும்போதெல்லாம் அக்காவத்தான் தேடறீங்க. வேணாம்னு சொல்லிடுங்க. நான் சொன்னா நைனா அடிக்கும்.”

சாயந்தரம் மாமனார் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“நாள் பாக்கலாமா மாப்ள?”

“வேணாம் மாமா.”

“என் பொண்ணுக்கு என்னா கொறச்சல்?”

“ஒண்ணும் இல்ல. யாரக் கட்டிக்கணும்னு அவளையே கேளுங்க.”

“அவளுக்கு என்னா தெரியும்? நாகலாபுரத்துக்காரங்க கேட்டுக்கினே இருக்காங்க. உனக்காகத்தான் நிறுத்தி வெச்சிருந்தேன்.” போனை எடுத்து நம்பரைத் தேடினார்.

சமையலறை வாசலில் உதயா நின்றிருந்தாள். நான் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் போனைக் கீழே வைத்துவிடுவார். வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். மாமனார் தெலுங்கில் க்ஷேமம் விசாரிக்க ஆரம்பித்தார்.