வெள்ளை எழுத்து

சோரியாங்குப்பம் ஏரிப் பாசனச் சங்கத்தில் வினோதினிக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரு வருஷமாகத் தலைவர் தணிகைவேலிடம் அவள் சிரித்துச் சிரித்துப் பேசியது பிரியத்தினால் அல்ல. போன வருஷக் கூட்டத்தில் அவள் அம்மா கலியம்மாளை அந்த ஆள் பேசிய பேச்சை அவள் இன்னும் மறக்கவில்லை.

வாய்க்கால் முடிகிற கடைமடையில் கலியம்மாளுக்கு முக்கால் காணி நிலம். கதிர் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் வராமல் பயிர் கருகிப்போயிற்று. ஏன் என்று கேட்டவளிடம், "எல்லாருக்கும் சமமாத்தான் வுடறோம். பாய்ச்சத் தெரியாதவளுக்கு எதுக்கு வெவசாயம்? வித்துட்டு வூட்ல குந்து" என்றான். கூட்டம் சிரித்தது. அதற்கப்புறம் கலியம்மாள் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த வருஷம் யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் போனது என்று கூட்டத்தில் படம் போட்டுக் காட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மதகுச் சாவி தலைவர் இடுப்பில். தலைவர் சொன்னால் திறந்து, நேரத்தை நோட்டில் எழுதிவைப்பது மதகுக்காரர் சூசைநாதன். சூசைநாதனுக்குப் பொய் எழுத வராது. அவர் நோட்டைப் பார்த்து வினோதினி எக்செல்லில் ஏற்றி, ஆளுக்கொரு பட்டையாகப் படம் போட்டாள். கலியம்மாளுக்கு நாலு மணி நேரம். தணிகைவேலின் பட்டை மட்டும் பனைமரமாட்டம் நின்றது.

"உங்க பேர எடுத்துடட்டுமா தலைவரே?"

"எடுத்தா ஆபீசரு கேப்பாரு. பேரு இருக்கணும், ஜனத்துக்குத் தெரியக் கூடாது. படத்துக்குப் பின்னால வெள்ளக் கலருதானே? என் பேரையும் வெள்ளையாக்கிடு."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்ற நினைப்பு. பட்டைகளின் மேலிருந்த பெயர்களை மௌஸால் ஒருமுறை தொட்டால் எல்லாம் சேர்ந்து பிடிபடும். மறுபடி தொட்டால்தான் ஒன்று மட்டும் சிக்கும். வினோதினி மறுபடி தொட்டாள். தணிகைவேல் வெள்ளையானான். மற்றவர்கள் கருப்பிலேயே இருந்தார்கள்.

"நாளைக்குக் கூட்டத்துக்கு வாம்மா" என்றாள் வீட்டில்.

"அந்த மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்."

"இந்த ஒரு தடவ வா."

காலையில் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது; அதிகாரியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் படம் விழுந்ததும் விவசாயி நாகராஜன் எழுந்தார். "பேரில்லாம ஒசரமா நிக்குதே, அது யாருதுப்பா?"

"அது ஏரியில கசிஞ்சி போனது" என்றான் தணிகைவேல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"வெளிச்சத்துல சரியாத் தெரியல சார், பின்னணியக் கருப்பாக்கறேன்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு வினோதினி ஒரே ஒரு தட்டு தட்டினாள். கருப்புப் பெயர்கள் கருப்போடு கரைந்துபோயின. திரையில் ஒரே ஒரு பெயர் வெள்ளை வெளேரென்று நின்றது: தணிகைவேல், 61 மணி நேரம்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கொஞ்சம் பெருசாக்கும்மா."

இந்த வார்த்தைக்காகவே பிறந்தவள் போல அவள் எழுத்தின் அளவைப் பதினெட்டிலிருந்து எழுபத்திரண்டாக்கினாள்.

"இன்னாடி பண்ண?" தணிகைவேல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நீங்க சொன்ன கலருதான் தலைவரே. அத நான் மாத்தவே இல்ல."

கடைசி வரிசையில் கலியம்மாள் எழுந்தாள். "கசிஞ்ச தண்ணி எங்க போச்சின்னு இப்பத்தான் தெரியுது. சாவிய சூசைநாதன் கையில குடுத்துட்டு வூட்ல குந்து தணிகைவேலு."

மண்டபம் சிரித்தது. அதே ஜனம், அதே சிரிப்பு. அதிகாரி கையை நீட்டியதும் தணிகைவேல் இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

வினோதினிக்கு அது போதவில்லை. அந்தப் படத்தை அப்படியே பிரிண்ட் எடுத்து, அவன் தினமும் போய்வரும் சங்க ஆபீஸ் கதவில் நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டிவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.