மாற்று ஆட்டக்காரர் பட்டியல்

மே மாதம் முழுக்கப் பாளையங்கோட்டை வெயிலில் நின்று எலியேசர் கறுத்துப் போனதற்குப் பலன் ஒரு தாளில் இருந்தது. கல்லூரிக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் அவர். போன வருஷம் பல்கலைக்கழகப் போட்டியில் இரண்டு பேர் அடிபட்டு உட்கார, இறக்க ஆளில்லாமல் ஒன்பது பேரோடு ஆடி ஏழு கோல் வாங்கி வந்தவர். "இந்தத் தடவை ஒவ்வொரு இடத்துக்கும் மாற்று ஆள் காட்டுங்க. இல்லைன்னா அணியே போவாது" என்று முதல்வர் சாலோமி கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்குத்தான் அந்தத் தாள். ஆடுபவர் ஒரு வரிசை, மாற்று ஒரு வரிசை. கோல்கீப்பருக்கு மட்டும் மூன்று பேர்! கடைசி வரி பயிற்சியாளருக்கு. அங்கே மாற்று என்ற இடத்தில் எலியேசர் ஒரு கோடு கிழித்தார். கொஞ்சம் நீளமான கோடுதான். தனக்கு ஏது மாற்று?

"தாள்ல சரி, தரையில பாக்கணும்லா?" என்றார் சாலோமி.

"சனிக்கிழமை நாலு மணிக்கு ரெண்டு அணியா ஆட விடுதேன், மேடம்."

"மத்தியானம் திசையன்விளையில ஒரு சோலி இருக்கு. முடிச்சுட்டு வாரேன்."

மழை வருமா, பஸ் ஓடுமா, எல்லாம் விசாரித்தார் மனுஷர். வீட்டுச் சமையலறையில் மனைவி ஸ்வீட்லின் மாட்டியிருந்த சபைக் காலண்டரை மட்டும் பார்க்கவில்லை. மைதானத்தில் போய், "சனிக்கிழமை வராதவன் அணியிலயே இல்ல!" என்று கத்திவிட்டு வந்தார். ஒரு பயலும் மூச்சுக் காட்டவில்லை. என்ன ஒழுக்கம் என்று மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மைதானத்தில் ஒன்பது பேர். மறுபடியும் ஒன்பது.

"மத்தவனுவ எங்கலே?"

கேப்டன் ஜெனோ தலையைச் சொறிந்தான். "சுஜின் ஊர்ல இன்னைக்கு அசனம், சார். பதினஞ்சு பேரு வேன்ல போயிருக்கானுவ. மூணு மணிக்குள்ள வந்துருவோம்னானுவ. பந்தி இன்னும் முடியலையாம்."

சர்ச் சபையார் கூடி ஆக்கி ஊருக்கே இலை போட்டு விளம்பும் விருந்து. அதைப் பாதியில் விட்டு எவன் வருவான்?

"ஹசன் அலியுமா?"

"அவன்தான் சார் மொதல்ல ஏறுனான்."

"ஒரு வார்த்தை சொல்லப்படாதா, லே?"

"நீங்க கத்துன கத்துல எவன் சொல்லுவான்?"

அப்போது போன் அடித்தது. சாலோமி. போச்சு, எல்லாம் போச்சு என்று எடுத்தார்.

"எலியேசர், எங்கன இருக்கீங்க? உங்க பயலுவ எல்லாம் இங்கன திசையன்விளை அசனத்துல விளம்புதானுவ! ஒருத்தன் கை ஓஞ்சா அடுத்தவன் வாளியை வாங்கிக்கிடுதான். நாலாயிரம் பேரு, ஒரு இலை காத்துக் கெடக்கல. இதுக்கு மேல நான் எதைப் பாக்க? கையெழுத்துப் போட்டுருதேன்."

எலியேசருக்குக் கண் நிறைந்துவிட்டது. "எல்லாம் நம்ம பயிற்சிதான், மேடம்..."

"அதையும் விசாரிச்சேன். சுஜினோட மாமா சாலமோனாம், பந்திப் பொறுப்பு. ஒரு சத்தம் இல்ல, விசில் இல்ல. கண்ணாலயே ஓட்டுதாரு."

திங்கட்கிழமை தாள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அணி போகிறது. எலியேசர் ஆசையாய் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில், அவர் கிழித்த நீளக் கோட்டின் மேலேயே, பச்சை மையில் எழுதியிருந்தது: சாலமோன், திசையன்விளை.