வாசலைப் பார்த்துக் காய்ச்சிய பாகு

வாசல் மிட்டாயை வாயில் போட்டால், அது கரைந்து முடிகிற வரைக்கும், யாரை நினைத்து ஏங்குகிறோமோ அவர் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார். மிட்டாயைப் பொறுமையில்லாமல் கடித்து நொறுக்கினால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார். மற்றபடி அந்த மிட்டாயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல்லில் ஒட்டாது, விலையும் கட்டுப்படியாகும். முதலில் ஊர் வாயைப் பிளந்தது, பிறகு எல்லாவற்றுக்கும் பழகுவதைப் போல இதற்கும் பழகிவிட்டது. கடைக்காரர்கள் மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு வைத்தார்கள். மகனைக் கடல் தாண்டி அனுப்பிவிட்ட தையல்காரர் மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு காஜா எடுப்பார். எதிரில் மகன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு எதிரில் யார் வந்து உட்கார்ந்தது என்பது, அவரே ஒருநாள் உளறிவிட்டதால், ஊருக்கே தெரியும், அவர் மனைவியிடம் மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அதைக் காய்ச்சியவளை எல்லோரும் மிட்டாய்க்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் கணவரும் வீட்டின் பின்கட்டில் ஒரு செப்புச் சட்டி, நான்கு அச்சு, ஒரு அடுப்பு என்று தொழிலைத் தொடங்கியவர்கள். பாகு பூத்து மறுபடி சர்க்கரை மணலாகிவிடாமல் இருக்க, கொதி ஏறும்போது எலுமிச்சை பிழிய வேண்டும். ஒருநாள் பாகு கொதிக்கிறது, வீட்டில் எலுமிச்சை இல்லை. கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "இதோ வந்துடறேன், அடுப்பைக் குறைச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வரவில்லை. அந்த வருஷமும் வரவில்லை. சண்டை கிடையாது, கடன் கிடையாது, வேறு பெண் கிடையாது. இந்த மூன்றையும் அவருடைய அக்கா தெருத்தெருவாகப் போய் விசாரித்துவிட்டாள். அன்றைக்கு மிட்டாய்க்காரி கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதில் பாகு ஒரு சுற்று கூடுதலாக முறுகிவிட்டது. கொட்ட மனமில்லாமல் அச்சில் ஊற்றினாள். நடுவில் மங்கலாக வெள்ளை படர்ந்து, ஓரத்தில் லேசாகக் கசந்த மிட்டாய் கிடைத்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டதும், எதிரில் அவர் உட்கார்ந்திருந்தார். போகும்போது போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. கை மட்டும் வெறுங்கை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஒரு மிட்டாயோடு அவருக்கு எதிரில் உட்காருவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. அவர் முப்பது வயதைத் தாண்டாத அதே மனிதராக, அதே சட்டையில், ஷேவிங்கின்போது கீறிக்கொண்ட அதே காயத்தோடு வருவார். அவளுக்குத்தான் வயது ஏறிக்கொண்டே போனது. முதல் நரையைக் கண்ணாடியில் பார்த்த அன்றைக்கு அவர்மேல் வந்த கோபத்தில் மிட்டாயைக் கடித்துத் துப்பிவிட்டாள். மறுநாள் போய்ச் சாயம் வாங்கி வந்தாள். அன்றிலிருந்து தலைக்குச் சாயம் போடாமல் அவர் எதிரில் போய் உட்காரவில்லை. இப்படியே போனால் ஒருநாள் தன்னை அவருடைய அம்மா என்று யாராவது நினைத்துவிடுவார்கள் என்று பயந்தாள். வருபவரை அவரவரைத் தவிர வேறு யாராலும் பார்க்க முடியாது என்பதுகூட அந்தப் பயத்தைக் குறைக்கவில்லை.

தம்பியைத் தேட வந்த நாத்தனார் அந்த வீட்டிலேயே தங்கி வியாபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். கடைகளுக்குச் சரக்கு போடுவது, காகித உறைக்கு அச்சகத்தோடு மல்லுக்கு நிற்பது, 'வாசல்' என்று பெயர் வைத்து அதைப் பதிவு செய்தது எல்லாம் அவள்தான். ஆனால் ஒரு மிட்டாயைக்கூட வாயில் வைத்ததில்லை. "இதோ வந்துடறேன்னு சொன்னவன் வரட்டும். வராதவனுக்கு நான் எதுக்கு நாற்காலி போடணும்?" என்பாள். வெளியூர்க் கடைகளிலிருந்தும் ஆள் வரத் தொடங்கிய சமயத்தில், மிட்டாய்க்காரிக்கு மணிக்கட்டு வீங்கி, கரண்டியைத் தூக்க முடியாமல் போனது. மருத்துவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பாகு கிண்டினால் இந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிட முடியாது என்று சொல்லிவிட்டார். காய்ச்சித் தர ஒரு கம்பெனியைப் பிடிக்க வேண்டியதுதான் என்று நாத்தனார் முடிவு கட்டினாள். மிட்டாய்க்காரி தலையை ஆட்டினாள். வேறு யாரோ காய்ச்சினால் அவர் தனக்கு வராமலே போய்விடுவாரோ என்று பயந்ததை அவள் வெளியே சொல்லவில்லை. அவரென்று அவளிடம் மிச்சமிருந்தது அந்த மத்தியானங்கள் மட்டும்தான்.

முதலில் வந்தது பெரிய கம்பெனி. வெள்ளைக் கோட்டும் தலையில் வலைத்தொப்பியுமாக இருந்த அவர்களுடைய தர அதிகாரி, அவள் சொன்ன அளவையும் சூட்டையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு போய், ஒரே அச்சில் வார்த்த மாதிரி மிட்டாய்களை அனுப்பினார். பார்க்கக் கண்ணாடி போல இருந்தன. ஊரில் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கும் யாரும் வரவில்லை. எதிர் நாற்காலி மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பாக ஆனது என்றார்கள். வீட்டில் எதையோ அணைக்காமல் வந்துவிட்டோம் என்று தோன்றுகிறது, வேறொன்றும் இல்லை என்றார் தையல்காரர்.

இரண்டாவது பிஸ்கட் கம்பெனி. அதன் முதலாளி நல்ல மனிதர், ஆள் வைக்காமல் தானே சட்டிப் பக்கம் நின்று மாதிரிச் சரக்கைக் காய்ச்சினார். அந்த மிட்டாயைத் தின்றவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே ஆள் வந்து உட்கார்ந்தார். வழுக்கைத் தலை, கை வைத்த பனியன், ஓயாமல் இடுப்பையும் மடியையும் தடவி எதையோ தேடிக்கொண்டிருக்கும் பெரியவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அவரே, கணக்கு வாத்தியாருக்கும் அவரே. வாத்தியார் ரொம்பவும் மனம் உடைந்துபோனார். நாத்தனார் போய் அடையாளம் சொன்னதும் பிஸ்கட் முதலாளி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா. சட்டிக்கிட்ட நின்னப்ப அவர் நினைப்பாவே இருந்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடறார். இன்னுமா கிடைக்கல அவருக்கு?"

"உங்கப்பா நல்லவராத்தான் இருப்பார், நான் இல்லேங்கல. அதுக்காக ஊர்ல இருக்கற எல்லா வீட்டுக்கும் அவரே போக முடியுமா?" என்றாள் நாத்தனார். அவர் அந்தச் சரக்கு முழுவதையும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். வண்டியில் மிட்டாய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் வைத்திருந்ததாகச் சொன்னார்கள்.

அளவில் எதையோ மறைத்துவிட்டாள் என்று பெரிய கம்பெனியிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து குறைபட்டார்கள். மிட்டாய்க்காரி எதையும் மறைக்கவில்லை, இருந்தால்தானே மறைப்பதற்கு. நாத்தனார் அவளைச் சட்டிக்கு முன்னால் நிறுத்தி, கரண்டியைத் தான் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, கடைசியாக ஒருமுறை காய்ச்சச் சொன்னாள். கொதி ஏறியது. எலுமிச்சை வெட்டித் தயாராகத் தட்டில் இருந்தது. இருந்தும் பிழிய வேண்டிய நேரத்தில் மிட்டாய்க்காரி தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் பிழிந்தாள்.

"வாசலைப் பாத்தியே, அதை அவங்ககிட்ட சொன்னியா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"நான் எங்க பார்த்தேன்?" என்றாள் மிட்டாய்க்காரி. இத்தனை வருஷமும் ஒவ்வொரு சட்டிக்கும் அப்படிப் பார்த்திருக்கிறாள், அவளுக்கே தெரியாது. நாத்தனார் அடுப்பைக் குறைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதார்கள். அழுது முடிந்ததும் நாத்தனார் பெரிய கம்பெனிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் சிரிக்கவில்லை, இயந்திரம் அந்த இடத்தில் தானாக நின்று, பிறகு ஓடும்படி மாற்றிக் காட்டினார்கள். நாற்காலி முன்னைவிடச் சூடானது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவதாகக் கிடைத்தது இருமல் மிட்டாய் செய்கிற சின்னக் கம்பெனி. ஓட்டுக் கூரை, பெரிய சட்டி, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பாகுக்காரர், உறை சுற்ற ஏழெட்டுப் பெண்கள். பாகுக்காரருடைய மகள் கல்யாணமாகிப் போனபின் ஏதோ மனத்தாங்கலில் அப்பா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. உறை சுற்றுகிற பெண்களில் வேலைக்காக ஊரைவிட்டுப் போன யாரையாவது எதிர்பார்க்காதவள் ஒருத்திகூட இல்லை. மிட்டாய்க்காரி சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டி சுவரைப் பார்த்து இருக்கிறதே என்று மட்டும் சொன்னாள். குழாய் இணைப்பையெல்லாம் பெயர்க்க முடியாது என்று முதலாளியம்மா கையை விரித்தார். அப்படியானால் வாசலை இந்தப் பக்கம் வையுங்கள் என்றாள் நாத்தனார். ஆளை நினைத்துக் காய்ச்சினால் எல்லோருக்கும் அந்த ஆள்தான் வருவார், வாசலைப் பார்த்துக் காய்ச்சினால்தான் அவரவருக்கு உரியவர் வருவார் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. ஒரு நாள் முழுக்க வாதாடி, சுவரை இடித்து வாசல் வைத்தார்கள். திறந்த வாசல் இருந்தால் ஈ வரும் என்று சுகாதார ஆய்வாளர் ஆட்சேபித்ததால் வலைக்கதவு போட்டார்கள். பாகுக்காரரிடம் யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிரில் வாசல் இருந்தது, மனுஷர் பார்த்தார். அவர் பார்த்ததும் உறை சுற்றுகிறவர்களும் பார்த்தார்கள்.

அந்த மாதிரிச் சரக்கு வந்த அன்றைக்கு மிட்டாய்க்காரி தலைக்குச் சாயம் போட்டிருக்கவில்லை. கை வலியில் சாயம் குழைக்க முடியவில்லை, எப்படியும் வரப்போவதில்லை என்றும் நினைத்துவிட்டாள். பெட்டியைப் பிரித்து, பயத்தோடு ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அது முன்னெல்லாம் கிறீச்சிட்டதில்லை.

நீலச் சட்டை இல்லை. வேறு ஏதோ ஒரு சட்டை, காலரில் நைந்தது. தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது, தொப்பை விழுந்திருந்தது, மூக்கில் கண்ணாடி இருந்தது. அவள் காய்ச்சியபோதெல்லாம், போன அன்றைக்கு இருந்தவரைத்தான் வாசலில் எதிர்பார்த்தாள். எனவே அவர் அப்படியே வந்தார். இருமல் மிட்டாய்க் கம்பெனியில் வாசலைப் பார்த்தவர்களுக்கு அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று தெரியாது. அதனால் இப்போது எப்படி இருக்கிறாரோ அப்படி வந்திருந்தார். அவளுடைய நரையை அவர் பார்த்தார். அவருடைய நரையை அவள் பார்த்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை, வாயில் மிட்டாய் இருந்தது. அதைக் கடித்துவிடாமல் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, தன் வயதை எட்டிவிட்ட அந்த முகத்தை ஆசைதீரப் பார்த்தாள். மிட்டாய் கரைந்து முடிகிற நேரத்தில் அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். அப்புறம் அவர் இல்லை.

அடுப்படியிலிருந்து வந்த நாத்தனார், "என்ன, வந்தானா?" என்றாள்.

"வந்தார். தலையெல்லாம் நரைச்சுப் போச்சு அக்கா."

மேஜைமேல் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. நாத்தனார் அதை எடுத்துக் கையில் உருட்டினாள், மோந்து பார்த்தாள், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். மெல்லிய தோல், கனமான பழம். பிறகு பெட்டியிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயில் போட்டுக்கொண்டு, தம்பி எழுந்துபோன நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"லேட்டானாலும் சாறு இருக்கற பழமாத்தான் பாத்து வாங்கியிருக்கான்" என்றாள்.

அன்றைக்கு மாலையே இருமல் மிட்டாய்க் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பழத்தை முதல் சட்டியில் பிழிந்தார்கள்.